மிஸ் டெம்பி பாட்டை நிறுத்திய இடங்கள்

துபாயில் என்னோடு ஒலித்துறையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்று, ஊரில் சர்க்கரை மாத்திரையோடு காலம் தள்ளுகிறவர்கள். மீதிப் பேர் இன்னும் அங்கே டியூட்டியில் இருக்கிறார்கள். சென்ற மாதம் அவர்களில் ஒருவன் ஒரு வீடியோ போட்டான். ஒலிப்பதிவைத் தானே சுத்தம் செய்யும் புதிய மென்பொருளாம். பாடுகிறவரின் மூச்சு, கூட்டத்தில் எவனோ இருமியது, எவனோ ‘ஆஹா’ என்றது, பாட்டு நின்ற இடத்து வெறுமை, எல்லாவற்றையும் கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிடுகிறது. “ஜலீல் பாய், இது நம்ம காலத்துல இருந்திருந்தா எவ்வளவு வேலை மிச்சம்!” என்று எழுதியிருந்தான். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. ஒரு பாட்டில் வெட்டி எறிய வேண்டியது எது என்பதில் எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதைச் சொல்ல மிஸ் டெம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் படிப்பெல்லாம் கீழக்கரையில் என் மச்சான் நடத்திய மைக் செட்தான். கல்யாணம், கந்தூரி, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் வேப்பமரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் கூம்பைக் கட்டுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் மைக் செட்டுக்கு மரியாதை அதன் எக்கோவில்தான். ஒருவர் ‘பெரியோர்களே’ என்றால் அது நாலு தெரு தாண்டிப் போய் நாலு முறை திரும்பி வர வேண்டும். எக்கோ இல்லாத செட்டை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கல்வியோடு துபாய் வந்து, தேராவில் ஒரு எலக்ட்ரிக் கடையில் கொஞ்ச காலம் பல்பு விற்று, பிறகு ஹோட்டல் நிகழ்ச்சிகளுக்கு ஒலிக்கருவி வாடகைக்கு விடும் கம்பெனியில் சேர்ந்தேன். ரூம் அஜ்மானில். தினமும் கம்பெனி வேனில் துபாய் போய் வருவேன்.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவர் சிவராசா. யாழ்ப்பாணத்துக்காரர். நெட்டையான மனிதர், முழுக்கைச் சட்டை, ரப்பர் அடி வைத்த சப்பாத்து. நடந்தால் சத்தம் வராது. அதற்காகவே அந்தச் சப்பாத்தை வாங்கினார் என்று நாங்கள் கேலி செய்வோம். உண்மையும் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

அவர் வேலை செய்யும் விதம் தனி. மைக்கை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போவார். எந்த இடத்தில் ஊளையிடுகிறது என்று காத்திருந்து, அந்தச் சுருதியை மட்டும் ஒரு மயிரிழை குறைப்பார். மறுபடி கூட்டுவார், மறுபடி குறைப்பார். ஹாலில் ஏசி ஓட வேண்டும், சமையற்கட்டுக் கதவு திறந்து மூட வேண்டும், அப்போதுதான் சோதனை. எல்லாம் முடிந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலிலேயே மோசமான நாற்காலியைத் தேடிப் போய் உட்காருவார். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். “நல்ல கதிரையில இருக்கிறவனுக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்கும், ஜலீல். குசினிக் கதவடியில இருக்கிறவனுக்குக் கேக்குதோ எண்டு பாரும்” என்றார்.

நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் அவர் ஊமை. எங்களுக்கும் அதே சட்டம். மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் பேசக் கூடாது, இருமக் கூடாது, தாளைத் திருப்பக் கூடாது. இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வர வேண்டும். “ஒலிக்காரன் சத்தம் போடக் கூடாது” என்பார். அவரோடு இருந்த அத்தனை வருஷத்தில், ஒரு நிகழ்ச்சியின் நடுவே அவர் வாய் திறந்து நான் கேட்டது ஒரே ஒரு நாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். க்ரீக் என்கிற கடற்கழி ஓரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் வெள்ளிக்கிழமை மாலைக் கச்சேரி. பாட வருகிறவர் அமெரிக்காவின் முதல் தலைமுறை ப்ளூஸ் பாடகி, எண்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. ப்ளூஸ் என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. இங்கிலீஷில் அழுகிற பாட்டு என்று ஒரு கூட்டாளி சொல்லியிருந்தான். அவர் பெயர் நீளம், ஆனால் எல்லோரும் மிஸ் டெம்பி என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வழக்கமாக அவருக்கு வாசிக்கும் பியானோக்காரர் பஹ்ரைனில் முதல் கச்சேரி முடிந்ததும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அதனால் ஹோட்டல் பாரில் வாசிக்கும் பிலிப்பைன்ஸ்காரன் ரிக்கியைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு அவர் வந்தபோது நான் எதிர்பார்த்தது ஒரு பெரிய உருவத்தை. வந்தவர் என் தோள் உயரம்கூட இல்லை. ஊதா நிறக் கவுன், கையில் ஒரு துணிப்பை. மேடை ஏறுமுன் அங்கே நின்ற எங்கள் எல்லோருக்கும், சாமான் தூக்க வந்திருந்த சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் உட்பட, ஒவ்வொருவராகக் கை கொடுத்தார். அவர் கை சொரசொரப்பாக இருந்தது. வாழ்நாளில் பாதியை ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவர் என்று பிறகு அவரே சொன்னார்.

அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான். சிவராசா மோசமான நாற்காலியைத் தேடிப் போன நேரம் பார்த்து, மிஸ் டெம்பியின் மைக்குக்குக் கீழக்கரைக் கணக்கில் எக்கோவைத் திறந்துவிட்டேன். அவர் ஓர் அடி பாடினார். அது கூரை வரை போய்ச் சுற்றி வந்தது. அவர் நிறுத்தினார். முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “யாரு அது, எனக்குப் பின்னால நின்னு பாடுறது? வயசானவளா இருப்பா போல இருக்கு. அவளுக்கு ஒரு நாற்காலி குடுங்க, உக்காரட்டும்.”

மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். சிவராசா சிரிக்கவில்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்தார். நான் எக்கோவை மூடினேன்.

ஆனால் எக்கோ போன பிறகுதான் உண்மையான சங்கடம் தெரிந்தது. அவர் பாட்டு ஒரே அடியை இரண்டு முறை சொல்லி, மூன்றாவது அடியில் முடிக்கிற மாதிரி. ரயில் வந்துவிட்டது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று ஓர் அடி. திரும்பவும் அதே அடி. என் ஆள் மட்டும் இறங்கவில்லை என்று முடிவு. முதல் அடி பாடியதும் அவர் நின்றார். ஹால் அமைதியாக இருந்தது. ரிக்கியும் மரியாதைக்கு விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு இரண்டாவது அடியைத் தாமதமாக, சுருதி கொஞ்சம் இறங்கித் தொடங்கினார். மறுபடியும் நின்றார். மூன்றாவது அடி வரும்போது குரல் கிழிந்து போயிருந்தது. நான்கு பாட்டும் அப்படித்தான். என் பக்கத்தில் நின்ற ஃபாதி தலையில் கை வைத்தார்.

ஃபாதி லெபனான்காரர், ஹோட்டலின் நிகழ்ச்சி மேனேஜர். கெட்டவர் இல்லை. ஆனால் மறுநாள் முன்வரிசையில் உட்காரப் போகிறவர்களை நினைத்து இரண்டு நாளாகத் தூங்காதவர். “மறந்து போகிறாள்” என்று மெதுவாகச் சொன்னார். “ஒவ்வொரு வரியிலும் மறந்து போகிறாள். கலாஸ், அவ்வளவுதான்.” பிறகு சிவராசாவைத் தனியே அழைத்துத் தன் ஏற்பாட்டைச் சொன்னார். மிஸ் டெம்பியின் பழைய இசைத்தட்டுகளை டேப்பில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும். அவர் தடுமாறினால் டேப்பை ஓட விட வேண்டும், அவர் வாயசைத்தால் போதும்.

சிவராசா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அந்த அம்மாவிட்டச் சொல்லிப்போட்டீங்களோ?” என்கிற அர்த்தத்தில் ஒரே ஒரு கேள்வி இங்கிலீஷில் கேட்டார். ஃபாதி சொல்லவில்லை. அந்த வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் பூ அலங்காரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

சிவராசாவே போய்ச் சொன்னார். மேடையின் படியில் மிஸ் டெம்பி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் அவருக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து சொன்னார். கேட்டுவிட்டு அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார்.

அப்போது அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பதினாலு வயதில் ஊர் ஊராகப் போகும் கூடாரக் கச்சேரியில் சேர்ந்தாராம். மைக் கிடையாது. கேன்வாஸில் மழை கொட்டும், வெளியே கழுதை கத்தும், அதற்கு மேலே கேட்கப் பாட வேண்டும். கறுப்பினப் பெண்களின் குரலைத் தட்டில் பதித்தால் விற்கும் என்று கம்பெனிகள் கண்டுபிடித்த காலத்தில், அவரையும் நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு சின்ன அறை. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் தலையை விடாத குறையாக நின்று பாட வேண்டும். வேறு யாராவது ஒரு சத்தம் போட்டால் மெழுகுத் தட்டு வீண் என்று, அறையில் இருந்த எல்லோரையும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கச் சொன்னார்களாம்.

நான் மரத்தில் கட்டிய கூம்பு குரலை வெளியே விடுவது. இந்த அம்மாள் அதே கூம்பின் வாய்க்குள் பாடியிருக்கிறார். நாங்கள் பிழைக்கும் பிழைப்பு எங்கே தொடங்கியதோ அங்கே நின்றிருந்த ஓர் ஆள், பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“அந்தத் தட்டுல பாதியை வேற பொம்பளைங்க பேருல வித்தாங்க” என்றார். “எனக்கே தெரியாது. ஒரு கடை வாசல்ல என் குரல் கேட்டு உள்ள போனா, தட்டுல வேற பேர். அப்புறம் கெட்ட காலம் வந்துச்சு, கம்பெனி மூடினான், நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துட்டேன். ரொம்ப காலம் கழிச்சு வெள்ளைக்காரப் பையனுங்க கிட்டாரைத் தூக்கிட்டு என்னைத் தேடி வந்தானுங்க. என் பாட்டெல்லாம் அவனுங்களுக்கு மனப்பாடம்.”

ரிக்கி பியானோவிலிருந்து எழுந்து வந்தான். அவன் தினமும் பாரில் வாசிக்கும் ஒரு பாட்டு, உலகமெல்லாம் கேட்கும் பாட்டு, முடி வளர்த்த ஓர் இங்கிலாந்துக் குழுவினுடையது என்றுதான் அவன் நினைத்திருந்தான். அதன் முதல் அடியைப் பாடிக் காட்டி, “இது உங்களுடையதா?” என்று கேட்டான். அவர் இரண்டாவது அடியைப் பாடினார். அவ்வளவுதான், அவன் அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கோபம் வரவில்லையா என்று அவன் கேட்டதற்கு அவர் சிரித்தார். “பாட்டு என்ன என் பல் செட்டா, நான் மட்டும் வெச்சுக்க? பாடட்டும்.”

பிறகு சிவராசா பக்கம் திரும்பினார். “ஆனா நான் ஒருத்தி நிக்கிறப்போ டேப்பு வேண்டாம். என் குரலை ஒரு தரம் எனக்குத் தெரியாம என்கிட்டேருந்து எடுத்துட்டுப் போனாங்க. இன்னொரு தரம் என்னை முன்னால நிறுத்தி வெச்சு எடுக்காதீங்க. அதுக்கு என்னை ஊருக்கு அனுப்பிடுங்க.”

சிவராசா எழுந்து, இன்னொரு முறை பாடிப் பார்ப்போம் என்றார். மிஸ் டெம்பி மேடையில் ஏறினார். ரயில் வந்துவிட்டது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நின்றார். அப்போது மேடையின் ஓரத்தில் ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்திருந்த சின்னையா, சோனாப்பூர் கேம்ப் ஆள், புதுக்கோட்டைப் பக்கம், தன்னை அறியாமல் “ம்...” என்றான்.

மிஸ் டெம்பி சட்டென்று திரும்பினார். சின்னையா நிமிர்ந்து நின்றுவிட்டான். “அண்ணே, தெரியாம வந்துருச்சுண்ணே” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னான். ஆனால் அவர் அவனைப் பார்த்துக்கொண்டே அடுத்த அடியைத் தொடங்கியிருந்தார். அதே அடிதான், எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்கிற அடி. ஆனால் இது வேறு குரல். அது அந்தச் சின்ன உடம்பிலிருந்து வந்தது என்று சொன்னால் நம்புவது கடினம். நின்றார். சின்னையாவைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். “ம்” என்றான். மூன்றாவது அடி கிளம்பி வந்தபோது என் கை மிக்சரிலிருந்து தானாக எழுந்துவிட்டது. அதற்கு நான் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் சிவராசா கேட்டார், ஏன் நிற்கிறீர்கள் என்று. அதைக் கேட்க வேண்டியே இருக்கவில்லை என்பதுபோல மிஸ் டெம்பி பார்த்தார். “முதல் அடி போய்ச் சேந்துச்சான்னு தெரியாம ரெண்டாவது அடியை எப்படி அனுப்புறது? கூடாரத்துல நான் ஒண்ணு சொன்னா ஜனங்க ஒண்ணு சொல்லுவாங்க. என் பியானோக்காரன் இருந்தா அவன் சொல்லுவான். இங்க யாரும் ஒண்ணும் சொல்லலை.” என்னைச் சுட்டிக் காட்டினார். “இந்தப் பையன் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டான். அது நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லுச்சு. அது பதில் இல்லை.”

நாங்கள் எல்லோரும் அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். கதை சொல்கிறவருக்கு உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்று தெரிந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கச்சேரி ஹாலுக்குள் நுழைந்ததும் அதை வாசலில் கழற்றிவிட்டு வந்துவிட்டோம். சின்னையாவிடம் உனக்கு எப்படிடா விளங்கியது என்று பிறகு கேட்டேன். “பாட்டு எங்கண்ணே வெளங்குச்சு. ஏதோ சொல்லிட்டு நிப்பாட்டுனாங்க. வயசானவுங்க சொல்லிட்டு நிப்பாட்டுனா நம்ம சும்மாவா நிக்கிறது?” என்றான்.

சிவராசா ஃபாதியைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னார். நாளைக்குச் சின்னையாவையும் இன்னும் இரண்டு பேரையும் மேடை ஓரத்தில் நிறுத்த அனுமதி கேட்டார். ஃபாதி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கேம்ப் ஆட்கள், பால்ரூமில், விருந்தாளிகளுக்கு நடுவே? மாஃபி, நடக்காது.” ஒரு கூலியாள் ம் என்று சொன்னால் குரல் திரும்பி வரும் என்பதை அவர் நம்பவில்லை. கடைசியாக ஒரே ஒரு சலுகை கொடுத்தார். முதலில் மிஸ் டெம்பி சொந்தமாகப் பாடட்டும். முதல் பாட்டிலேயே தடுமாறினால் தான் கை காட்டுவார், டேப் ஓட வேண்டும். டேப் பொத்தானில் உட்காரப் போவது நான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு சிவராசா என்னைக் கம்பெனி பிக்கப்பில் சோனாப்பூருக்கு அனுப்பினார். அனுமதி இருக்கிறதோ இல்லையோ, சின்னையாவைக் கூட்டி வாரும், திரைக்குப் பின்னால் நிற்கட்டும் என்றார். அவர் இப்படி ஒரு உத்தரவை மீறி நான் பார்த்ததில்லை. கேம்பில் சின்னையாவின் ரூமில் இரண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டுக்குப் போன் பண்ணத் தேராவுக்குப் போய்விட்டானாம். வெள்ளிக்கிழமை விடுமுறைக் கூட்டத்தில் தேராவில் ஒரு ஆளைத் தேடுவது என்றால், அங்கே போனவர்களுக்குத் தெரியும். வெறுங்கையோடு திரும்பினேன்.

“சரி விடும்” என்றார் சிவராசா.

ஹால் நிறைந்துவிட்டது. கோட்டு, சேலை, அரபிகளின் வெள்ளைக் கந்தூரா அங்கி, விலையுயர்ந்த வாசனை. வட்ட மேசைகளில் தேநீரும் கேக்கும். மிஸ் டெம்பி ஊதாக் கவுனில் வந்து நின்றபோது எல்லோரும் அழகாகக் கை தட்டிவிட்டு, அதைவிட அழகாக அமைதியானார்கள். நல்ல வளர்ப்பில் வந்த அமைதி அது. ஒரு கரண்டிகூட அசையவில்லை. என் ஆள்காட்டி விரல் டேப்பின் பொத்தான்மேல் இருந்தது. என் வலப்பக்கம் ஃபாதி நின்றார். இடப்பக்கம் சிவராசா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அவர் பாடினார். ரயில் வந்துவிட்டது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நின்றார்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரிக்கி பியானோவில் ஏதோ இரண்டு சுரம் தட்டினான், பதற்றத்தில் அது தவறான இடத்தில் விழுந்தது. அவர் கண்கள் மேடை ஓரத்தைத் தேடின. அங்கே திரை மட்டும்தான் இருந்தது. பிறகு மேசைகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக. முன்வரிசையில் ஓர் அம்மாள் பரிதாபத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். ஃபாதியின் கை உயர்ந்தது. “யல்லா, போடு” என்றார் என் காதருகே.

நான் அழுத்தியிருப்பேன். விசா கம்பெனியிடம் இருந்தது, கம்பெனியின் பிழைப்பு ஹோட்டலிடம் இருந்தது, என் மூன்று பிள்ளைகளின் பிழைப்பு இவை இரண்டிலும் தொங்கியது. விரல் பொத்தானை உணர்ந்த அந்த நேரத்தில்தான் எனக்கு இடப்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“ஓம்” என்றார் சிவராசா.

மெதுவாக இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி, ஹாலின் நடுவிலிருந்து, முழுத் தொண்டையில். எங்கள் ஊரில் ‘ம்’ என்கிற இடத்தில் அவர் ஊரில் ‘ஓம்’ என்பார்கள். எல்லா மேசைகளும் திரும்பின. ஃபாதியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சிவராசாவின் காதுமடல் சிவந்திருந்தது. ஆனால் அவர் யாரையும் பார்க்கவில்லை, மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் டெம்பியின் தலை நிமிர்ந்தது. சத்தம் வந்த திசையைக் கண்டுபிடித்தார். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று இந்தத் தடவை சிவராசாவுக்கு, அவருக்கு மட்டும் சொன்னார். ஒத்திகையில் நான் கேட்ட குரல் அதில் பாதி. நின்றார். “ஓம்” என்றார் இவர். நானும் சேர்ந்து “ம்” என்றேன். என் விரல் பொத்தானில் இல்லை, எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது அடி எங்களைத் தாண்டிச் சமையற்கட்டுக் கதவில் போய் முட்டியது. ஒரு வெயிட்டர் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டான்.

இரண்டாவது பாட்டில் ரிக்கி தன் இடத்தைப் பிடித்துவிட்டான். மூன்றாவது பாட்டில் பின் மேசையில் ஒரு சூடானி டாக்டர் தன் பாஷையில் ஏதோ பதில் சொன்னார். அதன் பிறகு யார் சொன்னார்கள், எந்த பாஷையில் சொன்னார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. முன்வரிசை அம்மாள் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு யெஸ், யெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய ஒரு மனுஷி, தனக்கு வந்த ஒவ்வொரு பதிலையும் வாங்கி, அதன் மேல் ஏறி நின்று, அடுத்த அடியை இன்னும் உயரத்திலிருந்து கொடுத்தார். எத்தனையோ பெரிய பாடகர்களுக்கு நான் மிக்சரில் உட்கார்ந்திருக்கிறேன். குரல் என்பது தொண்டையில் இருக்கிற பொருள் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

ஃபாதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடைசிப் பாட்டின்போது அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டேப் ஏன் ஓடவில்லை என்று சிவராசாவிடம் அன்றும் பிறகும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹால் காலியாகி, வெயிட்டர்கள் மேசை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தபோது மிஸ் டெம்பி எங்கள் மேசைக்கு வந்தார். சிவராசாவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் தட்டிக்கொடுத்தார். பிறகு அவர் என்னைப் பார்த்து, “அந்த டேப் எங்கே?” என்றார்.

நான் சிவராசாவைப் பார்த்தேன். ‘குடும்’ என்பதுபோலத் தலையசைத்தார். மிஸ் டெம்பிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்துவிட்டு, அன்று முழுக்க அழுத்தாத பொத்தானை அழுத்தினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. “நல்லாத்தான் பாடுறா இந்தக் குட்டி” என்றார், காதில் ஹெட்ஃபோன் இருப்பவர்கள் பேசுவது போலச் சத்தமாக. அப்புறம் சிரிப்பு நின்றது. கூம்பு நீட்டிய அந்த அறையில் முதல் அடி முடிந்ததும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்களே, அந்த இடம் வந்துவிட்டது என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு “ம்” என்றார்.

ஹெட்ஃபோனில் ஓடுவது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் ‘ம்’ சொல்லும் இடத்தை வைத்துத்தான் டேப்பில் பாடும் அந்தச் சின்னப் பெண் ஓர் அடியை முடித்துவிட்டு நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டோம். டேப் முடியும்வரை அவள் எந்த இடத்திலும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டி வரவில்லை.